வலக்கைக் கொடி

அந்தச் சனிக்கிழமை காலையில் என் கணவர் குளியலறையில் கொடி தோய்த்தார். ஒரு முழச் சிவப்புத் துணி. கால்பந்து மைதானத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் உயர்த்திக் காட்டுவது. அதை மற்ற உடுப்புகளோடு சேர்த்து இயந்திரத்தில் போடக் கூடாது. முதல் வருடம் நான் தெரியாமல் போட்டுவிட்டேன். கிளப்பின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோசா நிறமாகி, பொடியள் அந்தப் பருவம் முழுக்க மற்ற அணிகளிடம் பகிடி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவரே வாளியில் தனியாகத் தோய்ப்பார். அன்றும் பிழிந்து, பால்கனிக் கம்பியில் விரித்து, இரண்டு முனையிலும் கவ்வி போட்டார்.

"மலர், மழை வந்தால் எடுத்து உள்ளை போடும். நாளைக்கு மூண்டு மணிக்கு மட்ச்," என்றார்.

பிறகு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு மதிய வேலைக்குப் போனார். நான்கு மணிக்கு மழை வந்தது. கொடியை எடுத்து உள்ளே போட்டேன். ஐந்து மணிக்குத் தொலைபேசி வந்தது. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

அவர் பெயர் பரராசசிங்கம். ஜெர்மனியில், ஹம் நகரில் எங்கள் பகுதிக் கிளப்பில் எல்லாருக்கும் அவர் 'பாரா'. மாவட்டத்துக்குள்ளேயே ஆடும் கீழ்ப்பிரிவுக் கிளப் அது. தொலைக்காட்சிக்காரர் எட்டிப் பார்க்காத கால்பந்து. ஆடுகிறவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். இந்தப் பிரிவில் நடுவர் ஒருவர்தான் வருவார். இரண்டு பக்கக் கோட்டிலும் கொடி பிடிக்க, ஆளுக்கு ஒருவரை இரண்டு கிளப்பும் கொடுக்க வேண்டும். பந்து வெளியே போனதா, அதைக் கையால் திரும்ப உள்ளே போடும் எறிதல் யாருக்கு என்று காட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை. ஆனால் சொந்தக் கிளப்புக்கு எதிராகக் கொடி தூக்கிவிட்டு அதே ஆட்களோடு பியர் குடிக்கப் போக வேண்டும் என்பதால், யாரும் விரும்பி அதை வாங்குவதில்லை. என் கணவர் பத்தொன்பது வருடம் பிடித்தார்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. எறிதல் வலப்பக்கமாக ஆடும் அணிக்கு என்றால் வலது கையிலும், இடப்பக்கமாக ஆடும் அணிக்கு என்றால் இடது கையிலும் கொடியைப் பிடித்துச் சரித்துக் காட்ட வேண்டும். அவர் இடது கையில் பிடிக்கவே மாட்டார். ஆட்களுக்கு முன்னால் இடது கையை நீட்டுவது அவருக்கு வராது. கடையில் மிச்சக் காசு வாங்குவதற்குக்கூடப் பையை மற்றக் கைக்கு மாற்றுவார். அதனால் எப்போதும் வலது கையில் நேராகத் தூக்கிவிட்டு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, நாடியால், அதாவது மோவாயால், காட்டுவார். முதல் நடுவர் கோபித்தார். இரண்டாமவர் மாவட்டச் சங்கத்துக்கு எழுதிப் போட்டார். பிறகு மாவட்டத்தில் எல்லாரும் பழகிவிட்டார்கள். புதிதாக வரும் நடுவருக்கு எங்கள் கிளப் தலைவர் மன்பிரட் விசில் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: கொடியைப் பார்க்காதே, பாராவின் நாடியைப் பார்.

அவர் போன பிறகு நான் வுப்பர்டாலுக்கு மகள் நிருஷா வீட்டுக்கு வந்துவிட்டேன். கொடி என் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. கிளப் வேறு கொடி வாங்கிக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, போன மே மாதம், அணித் தலைவன் சுகிர்தன் அழைத்தான். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவன். பத்து வயதில் இந்தக் கிளப்புக்கு வந்தவன், இப்போது முப்பத்தெட்டு. பருவத்தின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், ஹோல்ஸ்பெக் ஊரோடு. சமநிலை எடுத்தால் நாங்கள் பிரிவில் தங்குவோம், அவர்கள் அடுத்த கீழ்ப் பிரிவுக்கு இறங்குவார்கள். தோற்றால் நாங்கள் இறங்குவோம்.

"அக்கா, கொடி பிடிக்க ஆளில்லை. மன்பிரட் பிடிச்சால் விளையாட வரமாட்டம் எண்டு அவங்கள் சொல்லிப்போட்டாங்கள். போன முறை அந்தாளின்ரை கை தன்பாட்டிலை எங்களுக்காக எழும்பினது அவங்களுக்குத் தெரியும். பாரா வீட்டு ஆள் எண்டால் சம்மதமாம்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிருஷாவுக்குச் சிரிப்பு. "அம்மா, உங்களுக்கு ஒரு ரூல் தெரியுமோ?" என்றாள். பத்தொன்பது வருடம் அவர் நின்ற கோட்டுக்குப் பின்னால்தான் நான் ரோல்ஸ் பொரித்து விற்கும் கடை இருந்தது. அந்த ஒரு கோட்டை நான் பார்த்த அளவுக்கு அவள் எதையும் பார்த்திருக்க மாட்டாள். பந்து முழுதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. பாதி கோட்டின்மேல் நின்றாலும் உள்ளே. அது போதும் என்றேன்.

ஞாயிறு இருவரும் ரயிலில் போனோம். ஹாகனில் அடுத்த ரயிலுக்கு வழக்கம்போல் காத்திருக்க வைத்தார்கள். மைதானத்துக்கு வந்தபோது இருநூறு பேராவது இருந்தார்கள். வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கும் கிழவர் என்னிடம் காசு வாங்கவில்லை. கொடியைக் கைப்பையிலிருந்து எடுத்தபோது, ஹோல்ஸ்பெக் அணித் தலைவன் டிர்க் எதிர்ப்பக்கத்தில் நின்று தன் நாடியைத் தொட்டுக் காட்டினான். நரைத்த தாடிக்காரன். அவனும் பாராவிடம் பல வருடம் எறிதல் வாங்கியவன்.

மன்பிரட்டுக்கு அன்று தலைக்குமேல் வேலை. நடுவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்த இளம் ஆள். நாடி விசயத்தை அவருக்குச் சொல்ல எல்லாரும் மறந்துபோனோம்.

முதல் பாதியில் என் பக்கம் வந்த பந்தெல்லாம் யாருடையது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது, நடுவர் என்னைப் பார்க்கவே தேவை வரவில்லை. இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் எங்கள் கோல் என் இடப்பக்கம் வந்தது. பொடியள் களைத்துப் போனார்கள். சுகிர்தன் முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஓடினான்.

எண்பத்தெட்டாவது நிமிடம். எங்கள் கோலுக்குப் பக்கத்தில், எனக்கு மூன்று அடி முன்னால், டிர்க்கும் சுகிர்தனும் ஒரே பந்துக்குக் கால் போட்டார்கள். பந்து சுகிர்தனின் சப்பாத்து நுனியில் பட்டுக் கோட்டைத் தாண்டியது. மற்றவர்கள் கால்களைத்தான் பார்த்திருப்பார்கள். நான் கோட்டையும் அந்த நுனியையும் பார்த்தேன்.

கொடியை உயர்த்தினேன். வலது கையில், நேராக. நாடியை இடப்பக்கம் திருப்பினேன்.

நடுவர் வலது கையைத்தான் பார்த்தார். வலப்பக்கம் ஆடுவது நாங்கள். எறிதல் எங்களுக்கு என்று கை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். டிர்க் தன் நாடியில் விரலால் குத்திக் குத்திக் காட்டினான். நடுவருக்கு விளங்கவில்லை, எச்சரித்தார்.

கொடியை இடது கைக்கு மாற்றியிருந்தால் எல்லாம் அந்த நொடியே சரியாகியிருக்கும். அது எனக்கும் வரவில்லை. கூப்பிட்டுச் சொல்ல ஜெர்மன் வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இறக்க மாட்டார். நானும் இறக்கவில்லை.

சுகிர்தன் பந்தை எடுத்துக்கொண்டு எறிய வந்தவன், கொடியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். நின்றுவிட்டான். சுற்றி எல்லாரும் எறி எறி என்று கத்தினார்கள். நாங்கள் தமிழில் பேசியது அவர்களுக்கு விளங்கியிருக்காது.

"அக்கா, கொடியைக் கீழை விடுங்கோ."

"ஏலாது, தம்பி."

"ரெண்டு நிமிசம் அக்கா. ரெண்டே நிமிசம்."

"உன்ரை காலிலை பட்டுத்தான் போனது."

"அது எனக்குத் தெரியாதோ?" என்றான்.

வியர்வையை முழங்கையால் துடைத்தான். ஒரு முறை கோட்டைப் பார்த்தான். பிறகு பந்தை டிர்க்கின் கையில் கொடுத்துவிட்டு, நடுவரிடம் போய், தன் காலில் பட்டது, எறிதல் அவர்களுக்கு, கோட்டில் நிற்கும் அம்மா அதைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறா என்று சொன்னான். நடுவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் கையை இறக்கினேன்.

டிர்க் நீளமாக எறிந்தான். கூட்டத்துக்குள் யாருடைய தலையிலோ பட்டது. எங்கள் கோல் காப்பாளரின் விரலையும் தட்டிக்கொண்டு உள்ளே போனது. நான்கு நிமிடத்தில் விசில் ஊதினார்கள். நாங்கள் இறங்கினோம்.

மைதானம் சாவீடு மாதிரி இருந்தது. ஹோல்ஸ்பெக் ஆட்கள்கூட மெதுவாகத்தான் துள்ளினார்கள். டிக்கெட் கிழவர் என்னிடம் வந்து, பத்தொன்பது வருடம் பாரா எங்களுக்கு இப்படித்தான் செய்தான், போதாதென்று வுப்பர்டாலிலிருந்து நீயும் ரயிலேறி வந்தாயா என்று கேட்டார். சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலை இழுத்து என்னை இருக்க வைத்தார். டிர்க் வந்து கை கொடுத்தான். பாராவின் கை போலவே இருக்கிறது என்றான். பொய். அவர் கை இதைப் போல இரண்டு மடங்கு.

அவருடைய சாவுக்கு அழுதபோதும், நாற்பது பேர் கிளப் சட்டையோடு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோதும், அவரை நினைத்து எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் அது அவரைப் பற்றியது மட்டும். அன்று புல்லில் கால்களை நீட்டிக்கொண்டு தனியாக இருந்த சுகிர்தனைப் பார்த்தபோது வந்தது வேறு. ஒருவரும் பிழை பிடித்திருக்க முடியாத பந்து. கொடுத்துவிட்டு இருக்கிறான்.

பக்கத்தில் போனேன்.

"கோவமோ தம்பி?"

"கோவம்தான்." காலுறையை உருவிக்கொண்டே சொன்னான். "அண்ணையோடையும் கோவிச்சுக் கோவிச்சுத்தானே விளையாடினனாங்கள். அவருக்கு முன்னாலை ஒரு பந்தையும் களவெடுக்க ஏலாது. இப்ப நீங்கள்."

"அப்ப இனி வேறை ஆளைப் பிடியுங்கோ."

"விசர்க்கதை. ஆகஸ்டிலை முதல் மட்ச், கீழ்ப் பிரிவிலை. வருவியளோ?"

"ரயில் ஓடினால் வாறன்."

அப்போதுதான் சிரித்தான். மன்பிரட் தூரத்திலிருந்து, அடுத்த தடவை நாடியைப் பற்றிச் சொல்ல மறக்க மாட்டேன் என்று கை காட்டினார். திரும்பி வரும் வழியில் ஹாகனில் ரயில் மாறும்போது நிருஷா என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கொடியின் தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடியைத் தனியாகத் தோய்த்தேன். இருபது வருடத் துணி. தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் வந்தது.