அசையாத கயிறு

உள்ளங்கை எரிய எரியக் கயிற்றை வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தான் மத்தர். உச்சி ஞாயிறு உருக்கிய வெள்ளியைக் கடல்மேல் ஊற்றியிருந்தது; காற்று தன் மூச்சை அடக்கிக்கொண்டது; முத்துச்சிப்பி விளையும் பாரின்மேல் நங்கூரமிட்டு நின்ற கலங்கள், பாய் சுருட்டி, நிழல் சுருங்கி, கரை என்று ஒன்று உலகில் உண்டென்பதையே மறந்தவைபோல் அசைவற்றுக் கிடந்தன. எல்லை காணாத அந்த நீல அகலத்தின் பேரமைதியை அவன் காணவில்லை. அவன் உயிர் முழுவதும் பத்து விரல்களுக்குள் திரண்டிருந்தது; ஏனெனில் கயிற்றின் மறுமுனை, வெளிச்சம் சென்று இளைத்துப்போகும் ஆழத்தில், அவன் தமக்கை சலாமாவின் கணவன் துவைனியின் இடுப்பைச் சுற்றியிருந்தது.

“ஏய் மத்தர்! மச்சானை இழுக்கிறியா, சுறாவை இழுக்கிறியா?” என்று முன்பக்க அணியத்திலிருந்து கூவினான், கலத்தின் பாடகன் சுரூர். “மெதுவாடா! இடுப்பு ஒடிஞ்சா உன் அக்கா உன்னைத்தான் கேப்பா!”

கயிறு பிடித்திருந்தோர் அனைவரும் சிரித்தனர். மத்தர் சிரிக்கவில்லை. நீர் பிளந்தது, துவைனியின் தலை எழுந்தது. கலத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, சிவந்த கண்களால் எதையோ தேடுபவன்போல் அவன் நெடுநேரம் வாய் திறவாமல் மிதந்தான். பின்னர் மூக்குக்கவ்வியைப் பிடுங்கிக் கலத்துக்குள் எறிந்து சீறினான்.

“எவன்டா உன்னை இழுக்கச் சொன்னது? அடியில சிப்பி குலைகுலையாக் கெடக்கு. கைய நீட்டுறேன், தூண்டில் மீனாட்டம் தூக்கிட்டியே!”

அவன் கழுத்துக்கூடையில் ஒற்றைச் சிப்பியும் இல்லை.

சிரிப்பு அடங்கியது. அந்தப் பாரில் எவரும் எழுதி வைக்காத, எவரும் மீறத் துணியாத நெறி ஒன்று இருந்தது. அடியில் இருக்கும் குளியாள் கயிற்றை ஒருமுறை உதறுவான். அந்த உதறல் வந்த பின்னரே மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். உதறல் வருமுன் இழுத்தவன், குளியாளின் மூச்சைத் திருடியவன். பலர் முன்னிலையில் அவனைக் கோழை என்று அழைத்தவன். நகுதா கல்பான், நரைத்த தாடியைக் கோதியபடி, அந்தக் கலத்தையும் அதிலுள்ள உயிர்களையும் தன் பார்வை ஒன்றாலேயே ஆளும் அந்த முதிய கலத்தலைவர், எழுந்து வந்தார்.

“மத்தர், அவன் உதறினானா?”

“உதறினான், நகுதா.” சொல் தானாகவே நழுவி விழுந்தது.

“துவைனி?”

“இல்லவே இல்ல. பொறாமை, நகுதா! நாளைக்கு இவன் கவ்வி மாட்டி இறங்கப் போறானே, அதுக்குள்ள என் பேரைக் கெடுக்கப் பாக்குறான்.”

நாளை இறங்கப் போகிறான் என்பது உண்மை. முதிய குளியாள் லகுதான், சென்ற வாரம் நீரடியில் உணர்விழந்து மேலே வந்தான். கடல் ஒருமுறை மயக்கியவனைக் கல்பான் மறுமுறை இறக்குவதில்லை. ஆகவே லகுதான் அடுப்படிக்குப் போனான், அவன் இடம் மத்தருக்கு என்று முடிவாயிற்று. குளியாள் என்றால் காவாக் காப்பியின் முதற்கிண்ணம். கரை சேர்ந்ததும் பெண்கள் பெயர் சொல்லி வரவேற்கும் பெருமை. கயிற்றாளின் பெயரை எந்தப் பெண்ணும் கரையில் கூவியதில்லை.

“பொழுது சாயட்டும்,” என்றார் கல்பான். “தொழுகை முடிஞ்சதும் வேதத்து மேல கை வச்சு ‘உதறினான்’னு சொல்லு. உன் சொல்லை நான் எடுத்துக்கறேன், நாளைக்கு நீ இறங்கு. சொல்ல முடியலன்னா கயிறும் கெடையாது, கவ்வியும் கெடையாது.”

அன்று பிற்பகல் முழுவதும் அவன் கையில் கயிறு இல்லை. துவைனியும், காதில் வலி என்று சொல்லி, மறுபடி இறங்காமல் பாய்மரத்தின் நிழலில் முகம் மறைத்துப் படுத்துக்கொண்டான். அணியத்தின் நுனியில் தனித்து அமர்ந்த மத்தர், தன்னையே குற்றவாளியாகவும் தன்னையே நடுவனாகவும் நிறுத்திக் கேட்கத் தொடங்கினான். உதறல் வந்ததா? வரவில்லை. பொறாமையால் இழுத்தேனா? இந்தக் கேள்வியிலிருந்து அவன் ஓடவில்லை. நெஞ்சைத் துழாவினான், பொறாமை இருந்தது, சோற்றில் அகப்படும் மணல்போல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் அந்த நொடியில் இழுத்தது அதுவன்று. உயிருள்ளவனைக் கட்டிய கயிற்றில், அலையின் ஆட்டமும் நீரோட்டத்தின் இழுப்பும் அல்லாத ஒரு நுண்ணிய துடிப்பு உண்டு. உறங்கும் குழந்தையின் உச்சந்தலையில் விரல் வைத்தால் தெரியுமே, அதுபோன்றது. அந்தத் துடிப்பு நின்று, கயிறு வெறும் கயிறாகிப் போனது. அப்போது அவன் எதையும் எண்ணவில்லை. கைகள் எண்ணின, கைகள் இழுத்தன.

இதைத் தனக்குத் தானே ஒப்புக்கொண்டதும், படிப்போரே, ஒரு கதவு திறக்க அடுத்த கதவும் திறப்பதுபோல், அவன் இதுவரை எட்டிப் பாராத ஓர் அறை அவனுள்ளேயே திறந்தது. கடலே கொண்டுபோன தந்தையைப் போல் பெருங்குளியாள் ஆவேன் என்று சொல்லி, மான்கொம்பில் தானே செதுக்கிய கவ்வியைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தானே, அந்த ஆசை உண்மையில் யாருடையது? விடியலில் சிப்பி பிளக்கையில், எல்லோர் கண்ணும் முத்தைத் தேட, தன் கண் மட்டும் ஏன் வட்டமிட்டு அமர்ந்திருந்த தலைகளை எண்ணி, எல்லோரும் இருக்கிறார்கள் என்று தேறி, அமைதி கொண்டது? மற்றவர்கள் கயிறு பிடித்தபடி கதை பேச, தான் மட்டும் ஏன் ஊமை என்று சுரூரிடம் பெயர் வாங்கினான்? நாளை நீரடியில் நிற்கும் தன்னை நினைத்தபோதெல்லாம் சிப்பியும் முத்தும் தோன்றவில்லையே. நான் கீழே இருந்தால் மேலே துவைனியின் கயிற்றை யார் பிடிப்பார் என்ற அச்சம் ஒன்றே தோன்றியதே!

மத்தர் நிமிர்ந்தான். ஞாயிறு கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ்த்திசை கருநீலமாய், மேல்திசை செம்பவளமாய், நடுவே கலங்கள் அத்தனையும் பொன்வரி தீட்டிய நிழல்களாய், அந்த ஒரு கணத்தில் உலகம் இன்றுதான் படைக்கப்பட்டதுபோல் நின்றது. இத்தனை பெரிய கடலின் அடியில் இருக்கும் ஒருவனின் உயிர், மேலே இருக்கும் இன்னொருவனின் விரலுக்குத் தெரியும்படி செய்தவன் யார்? மெய் சிலிர்த்து, தன் இரு கைகளையும் விரித்து, வேறொருவருடைய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தொழுகை முடிந்தது. சோற்றுத் தட்டைச் சுற்றி, துவைனி தவிர எல்லோரும் அமர்ந்தனர். எவரும் கை நனைக்கவில்லை. கல்பான் திருமறையைத் துணி விலக்கி எடுத்தார்.

“கை வச்சுச் சொல்லித் தொலைடா ஊமை,” என்று முணுமுணுத்தான் சுரூர். “சோறு ஆறுது. நாளைக்கு நீ இறங்குறதுக்குப் பாட்டு வேற கட்டி வச்சிருக்கேன்.”

மத்தர் கை வைக்கவில்லை. கழுத்திலிருந்த கவ்வியைக் கழற்றி நகுதாவின் முன்னால் வைத்தான்.

“அவன் உதறல, நகுதா. மத்தியானம் நான் சொன்னது பொய். கயிறு ஏதோ மாதிரி இருந்துச்சு, இழுத்துட்டேன். நாளைக்கும் அப்படி இருந்தா நாளைக்கும் இழுப்பேன். எனக்குக் கவ்வி வேணாம். இறங்கணும்னு நான் ஆசைப்பட்டதே இல்ல, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கயித்தை மட்டும் திருப்பிக் குடுங்க.”

“பைத்தியக்காரா!” சுரூர் நெற்றியில் அடித்துக்கொண்டான். “குடுக்கிறதை வாங்காம, பிடுங்கினதைக் கேக்குறானே!”

கல்பான் சிரிக்கவில்லை. அவர் குரல் கனத்திருந்தது. “கேக்குறது சுலபம்டா. உதறாமலே இழுத்தேன்னு நீயே சொல்லிட்ட. இனி எந்தக் குளியாள் தன் உயிரை உன் கையில குடுப்பான்? பாரு, சுத்திப் பாரு. யாராவது ஒருத்தன்?”

குளியாட்கள் எல்லோரும் சோற்றுத் தட்டையே பார்த்தனர். மத்தர் தலை கவிழ்ந்தான். தான் இன்னார் என்று கண்டுகொண்ட அதே நாளில் அதை இழந்துபோவதும் மனிதருக்கு நேர்கிறது. அப்போது பாய்மரத்தடியிலிருந்து துவைனி எழுந்து வந்தான். தன் கயிற்றுச் சுருளை மத்தரின் மடியில் வைத்தான். தன்னுடைய மூக்குக்கவ்வியையும் எடுத்து, நகுதாவின் முன்னால், மத்தரின் கவ்விக்குப் பக்கத்தில் வைத்தான்.

“என்னையும் அடுப்படிக்கு அனுப்பிடுங்க, நகுதா. இனி இறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் பகல்ல அப்படிக் கத்தினேன்.” அவன் மத்தரின் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்க சிப்பிக் குலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வேகத்துல கண்ணு இருட்டிடுச்சு. சலாமா பக்கத்துல படுத்திருக்கேன்னு நெனச்சிட்டேன். இடுப்புல கயிறு இருக்கிறதே நெனப்பு இல்ல. உதற அங்க ஆளே இல்ல, நகுதா. இவன் இழுத்தப்போ நான் செத்துக்கிட்டு இருந்தேன்.”