சத்தமில்லாத ஆறு சுற்றுகள்

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக்கு நோயில்லாதவர்கள் நானூறு பேர் வேண்டும். ஒருவர் குறைந்தார்.

"நீயே உட்காரு நெவியானா," என்றான் கூட வேலை செய்யும் பொகொமில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாவை மென்றுகொண்டே. "உனக்குப் பைத்தியம் இல்லேன்னு நான் மட்டும் சொன்னா எவன் நம்புவான்? மெஷினும் சொல்லட்டும்."

வார்னா நகரில் இருந்த அந்த ஆய்வுக்கூடம் ஒரே ஒரு மரபணுவைத் துரத்திக்கொண்டிருந்தது. மனச்சிதைவு நோய் வருவதில் அதற்கும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. ரத்தம் எடுத்தபின் காதில் சத்தம் கொடுப்பார்கள். முதலில் மெல்லிய 'டிக்', உடனே வெடி போல ஒன்று. 'டிக்' உஷார்படுத்திவிடுவதால் பெரும்பாலோரின் கண் லேசாகத்தான் இமைக்கும். நோயாளிகள் பலருக்கு அந்த அடக்கம் குறைவு; பலமாக இமைப்பார்கள். நடுநடுவே சத்தமே இல்லாத ஆறு சுற்றுகளும் உண்டு.

உடன்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா என்று படிவம் கேட்டது. 'இல்லை' என்று எழுதினாள். தம்பி யாவோர் ஒன்பது வருடமாக மருத்துவமனையில் இருப்பதை இங்கே யாரிடமும் அவள் சொன்னதில்லை. தனக்கும் அது வருமோ என்ற பயம், ஞாயிறுதோறும் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்.

சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது.

"உன் இமைப்பு அவ்ளோ சரியா இருக்கு, பாடப்புத்தகத்துலயே போடலாம்," திரையைப் பார்த்துச் சொன்ன பொகொமிலின் குரல் சட்டென்று இறங்கியது. "ஆமா, வெறும் சுத்துல எதுக்கு இமைச்சே?"

"வெறும் சுத்தா? எல்லாத்துலயும் சத்தம் வந்துச்சே."

திரையில் அந்த ஆறு சுற்றிலும் இமைப்பின் கோடு ஊசி போல எழும்பி நின்றது.

"மெஷின்தான் மக்கர் பண்ணுது." இமைப்பை அளக்கும் மின்முனையைத் தன் கண்ணுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு அவனும் உட்கார்ந்து பார்த்தான். அவனுடைய ஆறு கோடுகளும் மேசை விளிம்பு மாதிரித் தட்டையாக இருந்தன.

யாவோர் பதினெட்டு வயதில் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது: 'யாரும் பேசாம இருக்கறப்பதான்க்கா ரொம்பச் சத்தமா இருக்கு.'

"அந்த ஆறையும் தூக்கிடலாம்," என்றான் பொகொமில். "கணக்குல அது வரவே வராது. யாருக்குத் தெரியப்போவுது?"

நெவியானா படிவத்தை இழுத்து, 'இல்லை'யை அடித்து, 'தம்பி' என்று எழுதினாள். "நானூறாவது ஆளை வேற எங்கயாவது தேடிக்கோ."

அவன் படித்தான். கருவியை அணைத்தான். உள்ளே ஓடிய விசிறி ஓய்ந்தது. காதுக்கருவியின் வயரைச் சுருட்டி அவளே இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

அப்போது மெல்லிய 'டிக்' கேட்டது.

நெவியானா மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடி, பெரிய சத்தத்துக்குக் காத்திருந்தாள்.