அன்னத்தாய் கழற்றிய வயர்

கொடைக்கானல் மலையில் டிவி டவர் நட்டார்கள்; கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் ஆண்டெனா முளைத்தது. அன்னத்தாயின் ஊர்ச் சாவடிக்கும் பஞ்சாயத்து டிவி வந்தது. வந்து என்ன செய்ய? நடுவில் மலை மறைத்தது. கம்பத்து மெக்கானிக் சுருளியாண்டி பள்ளிக்கூட மாடி, கோயில் அரசமரம் என்று ஏறாத இடமில்லை. பெட்டியில் புள்ளிதான் பறந்தது. கடைசியில் சாவடிக்குப் பின்னால், அன்னத்தாய் வீட்டுக் கொல்லையில் இடி விழுந்து மொட்டையாய் நின்ற தென்னையில் ஆண்டெனாவைக் கட்டினான். படம் பளிச்சென்று விழுந்தது. ஊருக்குத்தானே, இருக்கட்டும் என்று அவளும் மனசாரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்து கொத்து வெட்டிய பெண்கள் கைகால் கழுவிவிட்டு வந்தார்கள். அன்னத்தாய் முதல் ஆளாகச் சாவடிப் படியில் காலை வைத்தாள். பஞ்சாயத்துத் தலைவர் ராக்கையா தடுத்துவிட்டார். அந்தச் சாவடியில் பெண்கள் ஏறுகிற வழக்கமில்லையாம். தெருவில் நின்று பார்த்துக்கொள்ளலாமாம். தாராள மனசுதான். தெருவில் நின்றவர்களுக்குத் தெரிந்தது ஆண்களின் முதுகு மட்டும். கழுத்தும் காலும் கடுக்க, ஒரு பாட்டு முடியும்வரை பொறுத்தாள். அதற்குமேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மரத்தில் பிடித்த படத்தைத் தான் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா? விறுவிறுவென்று கொல்லைக்குப் போய், சுவரோரம் முறுக்கியிருந்த வயரைப் பிரித்துச் சுருட்டி வைத்தாள். சாவடியில் கூச்சல் கிளம்பியது.

மறுநாள் ஆண்கள் ரோசமாக மூங்கிலோடு மூங்கிலைக் கட்டிச் சாவடிக் கூரையில் நட்டார்கள். செய்தி வாசித்தவருக்கு மூன்று தலை தெரிந்தது. அடுத்த ஞாயிறு நெருங்க நெருங்க ரோசம் வற்றிப்போய், ராக்கையாவே அவள் வாசலுக்கு வந்தார்.

"ஏத்தா, மரம் ஒன்னோடதுதான். நீ மட்டும் ஓரமா வந்து உக்காந்துக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அன்னத்தாய்க்கு ஆசை எட்டிப் பார்த்தது உண்மை. ஆனால் எதிர்வீட்டு முருகம்மாள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் ஒருத்தி உக்காரவா மாமா வயரைக் கழட்டுனேன்? எல்லாரும் ஏறுவோம். இல்லேன்னா புள்ளியவே பாத்துட்டு இருங்க."

ஊரை விட்டுத் தள்ளிவைப்போம் என்றுகூட மிரட்டிப் பார்த்தார். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம். படம் போடும் நேரம். புள்ளியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ராக்கையா, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தார். மற்ற ஆண்களும் நகர்ந்தார்கள். தெருவில் நின்ற பெண்கள் படியையே பார்த்தார்களே தவிர, ஒருத்தியும் ஏறவில்லை. அத்தனை வருசத்துப் பயம் சட்டென்று போய்விடுமா? அன்னத்தாய் முருகம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே எல்லாரும் ஏறினார்கள்.

"இப்பவாச்சும் வயரை மாட்டலாம்ல?" என்றார் ராக்கையா.

அன்னத்தாய் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"பகலெல்லாம் நின்ன காலு மாமா, எந்திரிக்க முடியல. வயரு அங்கனதான் கெடக்கு. நீங்க போயி மாட்டிட்டு வாங்க."

ராக்கையா எழுந்து போனார்.