டாம்சன் தேடிய வாசல்

சென்ற வசந்தத்தில்தான் அக்கா ஹெஸ்டர் எங்கள் மட்டக்குதிரைகளை எக்ஸ்மூர் என்னும் பொதுமேய்ச்சல் மேட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். அப்பா போன பிறகு விற்றுவிட்ட மந்தையில் தேடிப்பிடிக்க முடிந்தது கிழப்பெட்டை டாம்சனை மட்டுமே. மற்றவை கிழக்கே சமவெளியில் பிறந்த அதன் மகள்கள். மேட்டைக் கண்ணால் கண்டதில்லை.

மேட்டுக்குள் குறுக்குவேலி கிடையாது. தன் இடம் தெரிந்த குதிரைதான் அங்கே தங்கும். அதனால் மேய்ச்சல் குழுத் தலைவர் கில்பர்ட் ஒரு நிபந்தனை போட்டார்: அக்டோபரில் மந்தைகளை ஓட்டி இறக்கும் நாளன்று இவை தம் மேட்டில் இல்லாவிட்டால், மறுபடி ஏற்றக் கூடாது.

அந்த நாள் மூடுபனியோடு விடிந்தது. உச்சி முழுக்கத் தேடியும் எங்கள் குதிரைகளைக் காணோம்.

"எவன் தோட்டத்து முட்டைக்கோஸையாவது தின்னுட்டு நிக்கும், போய்ப் பாரு தாயி," என்றார் கில்பர்ட்.

"அது உங்க தோட்டமா இருந்தா சந்தோஷம்ணே," என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "மேகாத்து அடிக்குது. அப்பா காலத்துல இப்படி அடிச்சா டாம்சன் எங்கடா ஒதுங்கும்?"

கிழக்குப் பள்ளத்தில், முட்புதருக்குப் பின்னால். சவாரிக் குதிரைகளிலேயே அந்தப் பள்ளத்துக்குள் போனோம். கலைமான் ஒன்று உறுமிக்கொண்டே எழுந்து ஓடியது. அது விலகிய இடத்தில், மாவில் முக்கியெடுத்தாற்போல் வெளுத்த மூக்குகள் நிமிர்ந்தன. ஒன்றும் குறையவில்லை, ஒரு குட்டி கூடுதலாக இருந்தது.

ஓட்டினோம். ஆனால் டாம்சன் மந்தைகள் இறங்கும் கீழ்வாசலை விட்டு நேர் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. மகள்கள் அதன் வாலைப் பிடித்தாற்போல் பின்னால் ஓடின.

"பாத்தியா? வாசல் எங்க இருக்கு, அது எங்க போவுது? இடம் தெரியல," என்றபடி கில்பர்ட்டும் துரத்தி வந்தார்.

டாம்சன் மேட்டின் எல்லைக் கல்சுவர் முன்னால் போய் நின்றது. நெஞ்சைச் சுவரில் சாய்த்துக் கனைத்தது. அப்பா காலத்தில் எங்கள் மந்தை இறங்கும் வாசல் அங்கேதான் இருந்தது. பிறகு கில்பர்ட்டே கல் அடுக்கி அடைத்தது, பாசிகூடப் படர்ந்துவிட்டது.

அவர் தம் குதிரையிலிருந்து இறங்கி, மேல்கல்லைத் தூக்கி அப்பால் போட்டார்.

"அண்ணே, வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு," என்றாள் அக்கா.

"அத உன் கிழவிகிட்ட சொல்லு. சும்மா நிக்காம ஒரு கை பிடிடி."

திறந்த வழியில் டாம்சன் தலை நிமிர்த்தி முதலில் நடந்தது. மகள்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. மறுநாள் அதே வழியாக மந்தையை மேடேற்றியபோது, கில்பர்ட் அங்கே புதுக்கதவு மாட்டிக்கொண்டிருந்தார். டாம்சன் அவரை இடித்துக்கொண்டு போயிற்று.