பட்டையின் உள்பக்கம்

"கழட்டவே வேண்டாம், மேலாக்க ஒட்டுனா போதும்" என்று கேப்டன் மறுபடியும் சொன்னபோதுதான் செக்கரம்மாவுக்கு மூக்கில் வேர்த்தது.

கேப்டன் என்றால் கப்பலும் இல்லை, படையும் இல்லை. ஓய்வு பெற்ற கையோடு பழைய கேரவன் ஒன்றை வாங்கி, கட்டிலும் அடுப்பும் குளியலறையுமாக ஒரு வீட்டையே உருட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவருக்கு மகள் வைத்த பெயர். அவர் மனைவி செக்கரம்மா, பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். பையைத் தடவுகிற தினுசிலேயே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துவிடுவாள். வேலைதான் ஓய்வு பெற்றது, சந்தேகம் இன்னும் பணியில் இருந்தது.

வண்டியின் இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேல் வளைந்து போகிற வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நிறுத்தியிருந்தபோது எவனோ ஸ்கூட்டர்க்காரன் இடித்துவிட்டுப் போனான் என்பது கேப்டனின் வாக்குமூலம். மறுநாள் காலை மகள் தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. தாத்தா வண்டி ஓட்ட, மலைப்பாதையில் பயணம். பிள்ளைகள் இப்போதே தூங்காமல் மகளின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டாம எப்படி சார்? பின்னாடி வலை வச்சு ஒட்டலைன்னா முதல் பள்ளத்துலயே வாயைப் பொளந்துரும்" என்றான் பட்டறைக்காரன்.

"கழட்டுப்பா" என்றாள் செக்கரம்மா. கேப்டன் ஏதோ பல்பு வாங்க வேண்டும் என்று முனகிவிட்டு நழுவினார். அந்த ராத்திரியில் தெருவில் எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே அவர் போக்கு சரியில்லை. அவர் சட்டையில் நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாடை. அவள் வைத்திருந்த பாட்டில் தானாகக் காலியானது. கார் ஷெட்டுக்குள் உள்தாழ்ப்பாள் வேறு. இந்த வயதில் எவள் நகத்துக்கு இவர் சேவகம் செய்கிறார் என்று வெட்கத்தைவிட்டு யோசித்து, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல்கூட இருந்தாள்.

பட்டறைக்காரன் விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் நுனியில் பொடித் துளை போட்டான். திருகுகளைக் கழற்றி, பட்டையை மேஜையில் கவிழ்த்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இங்க பாருங்கம்மா, வேடிக்கையை!"

வெளியே வெள்ளைவெளேர் என்றிருந்த பட்டையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டு.

"யாரோ பிள்ளைங்க அடுக்கி விளையாடுற பிளாஸ்டிக் கட்டையைக் கரைச்சு ஒட்டியிருக்காங்க. வெளிய வெள்ளை பெயின்ட். கை சுத்தமான ஆளுதான்."

"எதுல கரைக்கிறது?"

அவன் ஒரு டின்னைத் திறந்து நீட்டினான். அதே வாடை. "நகப்பூச்சு அழிக்கிறீங்களே, அதேதாம்மா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேரன் கட்டைகளைக் காணோம் என்று அழுதபோது பக்கத்து வீட்டுப் பையனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் அவள். அந்தப் பிள்ளையிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை ஒட்டா? எந்த ஸ்கூட்டர்க்காரன் தேடித் தேடி இதே இடத்தில் இடிப்பான்? எழுந்து போய் வண்டியின் வலது பக்கத்தைத் தடவினாள். ஒரு கீறல் இல்லை.

கேப்டன் வெறுங்கையோடு வந்தார். மேஜையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ஏங்க, இடது கண்ணு தெரியலையா?"

"யாரு சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் பட்டறைக்காரனைப் பார்த்தார். அவன் நாகரிகமாகச் சுத்தியலைத் தேடப் போனான்.

"மழைக்கு முன்னாடியே மங்க ஆரம்பிச்சுது. இப்ப ஒண்ணுமில்ல, ஒரே இருட்டு. சொன்னா வண்டியை வித்துருவே. சாவி கைல இருக்கிற வரைக்கும்தான் என்னை மனுஷனா மதிக்கிறாங்க."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியில் அவள் உட்காரும் பக்கம் அது. மலை, ஆறு என்று கை நீட்டிக் காட்டியதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தாரே!

"அப்போ இத்தனை நாளும் பக்கத்துல உட்கார்ந்திருந்த என்னையே தெரியலையா?"

"குரல் கேக்குதே. லாரி வருது, ஒதுங்குங்க, கம்பம் கம்பம்னு நீ கத்திக்கிட்டேதானே வருவே. அதை வச்சு ஓட்டிருவேன்." அவர் ஒட்டுகளைப் பார்த்தார். "இதெல்லாம் நீ அசந்து தூங்கினப்போ."

கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது. பின்னால் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருக்க, மலைப்பாதையில், தான் ஒரு நிமிஷம் கண் அயர்ந்துவிட்டால் என்று நினைத்தாள்.

அவள் கையை நீட்டினாள். சாவி அவர் விரலிலேயே தொங்கியது. அவர் எதிரே சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து, மறுபடி கையை நீட்டினாள்.