வீ பிளாக்கில் ஒரு பிசிறு

வீ பிளாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கட்டைவிரல் நீளத்தில் ஓர் இரும்புக் கட்டை, நடுவில் V வடிவப் பள்ளம். உருண்டைத் தண்டை இரண்டு கட்டைகளில் கிடத்தி மேலே கிளாம்ப் இறுக்கினால், வெட்டும்போது அசையாது. 1988இல் பிளாக்டவுன் பட்டறையில் நான்கு செய்தேன். ஒரே இரும்பில் பள்ளத்தை வெட்டி, பிறகு நான்காக அறுத்ததால் எதை எதனோடு சேர்த்தாலும் சோடி பொருந்தும். இரண்டு எனக்கு, இரண்டு பக்கத்து மெஷினில் நின்ற ஜெயரட்ணத்துக்கு. அங்கே தமிழர் நாங்கள் இருவர்தான்; ஒருவர் சாமானை மற்றவர் கேட்காமலே எடுப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் கட்டை ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. பள்ளத்தின் விளிம்பு நெளிந்து மயிரளவு பிசிறு கிளம்பியிருந்தது. எண்ணெய்க் கல்லில் இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். ஃபோர்மன் அவசரப்படுத்தினான். அவனைச் சொல்லி என்ன, சோம்பல் என்னுடையது. அந்தக் கட்டையை ஜெயரட்ணத்தின் மேசை லாச்சியில் போட்டுவிட்டு அவருடையதை எடுத்தேன். தேநீர் நேரத்தில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

தேநீருக்கு முன்பே அவர் செத்துப்போனார். தண்டு பிசிறின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளாம்ப் இறுகியதுபோலத்தான் கைக்குத் தெரிந்திருக்கும். கட்டர் கடித்ததும் பிசிறு நசிந்து, தண்டு கழன்று அவர் நெஞ்சில் பாய்ந்தது. கிளாம்பை இறுக்க மறந்தார் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுவாரம் என் கட்டையில், அதே இடத்தில், ஒரு பிசிறு. கீழே விழாத கட்டை. தேய்த்தேன். அடுத்த நாள் காலையில் மறுபடியும் இருந்தது. கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டுப் புது இரும்பில் புதுச் சோடி செய்தேன். பள்ளம் வழவழவென்று வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து தடவினேன்; விரல் கிழிந்தது. இரும்பு ஆறியிருந்தது, பிசிறு மட்டும் சுட்டது.

சனிக்கிழமை அவருடைய பட்டறைச் சாமான் பெட்டியைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் மனைவி நாகேஸ்வரி குசினியில் ஒரு கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

“கதிர் அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டனியள். அவர் இறுக்க மறந்தவரோ? வீட்டில காஸ் பூட்டினதை மூண்டு தரம் பாக்கிற மனிசன்.”

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வேலை போகும், ஊர் காறித் துப்பும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

“ஓம், நாகேஸ். மறந்திட்டார்.”

நாகேஸ்வரி என் பக்கத்திலிருந்த வெறும் கதிரையைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, கேட்டியளே? கதிர் அண்ணையே சொல்லுறார். இனி இறுக்கினனான், இறுக்கினனான் எண்டு ஒவ்வொரு நாளும் வந்து சொல்லாதேங்கோ.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அழுறார், அண்ணை” என்றார்.