தலைகீழ் வாத்துகள்

கால் அச்சில் மாட்டிய சாக்ஸில் மஞ்சள் வாத்துகள் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தன. லட்சணமாகத்தான் இருக்கின்றன என்று அந்தப் பெட்டி முழுவதையும் பாஸ் செய்துவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். சாக்ஸை மாட்டிச் சோதிக்கும் கால் அச்சு, பாதம் மேலே இருக்கும்படி நிற்பது. அதில் வாத்து தலைகீழாகத் தெரிந்தால்தான் போடுகிறவர் காலில் நேராக நிற்கும். சாக்ஸ் கம்பெனி செக்கிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். போன வருஷம் சாக்ஸ் கணுக்காலுக்கு மேல் ஒரு விரல் உயரம் எட்டிப்பார்த்தாலே கர்நாடகம் என்றார்கள். இந்த வருஷம் முழங்கால் வரை இழுத்து, தர்பூசணி, மீசை, வாத்து என்று கண்டதையும் போட்டால்தான் விற்கிறது. எல்லாவற்றையும் சமாளித்தவள் இதில் சறுக்கியதற்குக் காரணம், அவள் மனசு வீட்டில் கிடந்ததுதான்.

வீட்டில் அவள் கணவர், டவுன் பஸ் டிரைவர், நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தார். வலது முழங்காலில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அந்தக் காலை நம்பி உடம்பைத் தாங்கவைக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் ஸ்டீயரிங்கை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மனுஷனுக்கோ விழுந்துவிடுவோம் என்ற பயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலிலேயே நொண்டுவார், அதுவும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் மட்டும். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

திட்டித் தீர்த்த மேற்பார்வையாளரே கடைசியில் சிரித்துவிட்டு, கடையிலிருந்து திரும்பி வந்த அந்த வாத்து சாக்ஸில் ஒரு ஜோடியை அவளிடம் நீட்டினார். அதை அன்று சாயங்காலம் கணவர் காலில் வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டாள்.

“என்னடி இது கண்றாவி?” என்று குனிந்து பார்த்தார். “தப்பா நெய்ததுன்னு சொன்னே? எனக்கு நேராத்தானே தெரியுது!”

“உங்களுக்கு மட்டும்தாங்க. எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தலைகீழ்.”

“போட்டுக்கிறது நானா, எதிர்ல நிக்கிறவனா?”

கறுப்பைத் தவிர வேறு சாக்ஸ் அறியாத மனுஷனுக்கு இதை யாரிடமாவது காட்டியே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டி, கேட் வரைக்கும் போய்விட்டார். அவள் கதவோரம் நின்று பார்த்தாள். வாயைத் திறந்தால் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்தாள்.

அவர் பேண்ட்டை உயர்த்திக் காட்டியதை மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் தெருவிலிருந்து பார்த்துவிட்டு, “அண்ணே, வாத்தெல்லாம் தலைகீழா தொங்குதே!” என்றான்.

“அங்க நின்னா அப்படித்தான் தெரியும். இங்க வா, என் பக்கத்துல நின்னு பாரு.”

அதற்குள் அவர் ஓட்டிய அதே பஸ் தெருமுனையில் திரும்பியது. இப்போது அதை ஓட்டும் நண்பர் அவரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹாரனை விடாமல் அடித்தார். டிரைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாக்கரை விட்டார். ஒரு கையால் பேண்ட்டைச் சுருட்டிப் பிடித்து, மறு கையை ஆட்டியபடி இடது காலை உயரத் தூக்கிக் காட்டினார். பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

அவரைப் பிடிக்க ஓடியவள் பாதி வழியில் நின்றாள். அவருடைய மொத்தக் கனமும் வலது காலில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். நீட்டிய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு, அவள் அந்தக் காலையே பார்த்தபடி நின்றாள்.